குருவி, ரயில், புறா

ஜூன் 4

குருவி அப்பாவுக்கு,

நானும் குருவியும் சுகம். அக்காவின் கணுக்கால் மட்டும் சுகமில்லை, மாவுக்கட்டுக்குள் கிடக்கிறது. உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது?

பஸ் ஆறு மணி நேரம் பிடித்தது. பாதி தூரம் குருவி என் மடியில் வந்தாள், மீதி தூரம் பக்கத்து சீட்டு அம்மாவின் மடியில். இறங்கும்போது அந்த அம்மாவுக்குத்தான் கண் கலங்கியது. இருபது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டர் அக்கா, நிற்கிற பஸ்ஸின் படியில் விழுந்தாள் என்று டிப்போவே சிரிக்கிறதாம். அக்காவும் சேர்ந்துதான் சிரிக்கிறாள்.

வீடு மூன்றாவது மாடி. ஒரே அறை, ஒரு சமையல் மூலை, சிமென்ட் தரை, எதிரெதிரே இரண்டு ஜன்னல். நம் வீட்டில் இருப்பதுபோல் திரை, தடுப்பு, சாக்கு எதுவும் இல்லை. காற்று கேட்காமலேயே உள்ளே வந்து கேட்காமலேயே வெளியே போகிறது. எனக்கு முதலில் தெருவில் உட்கார்ந்திருப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

வந்த அன்று மாடி ஏறும்போது குருவி மாடிக்கு மாடி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சு வழக்கம்போல் கீச்கீச் என்றது. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து, குழந்தைக்கு என்ன என்று கேட்டாள். அவள் அப்படித்தான், அதனால்தான் குருவி என்றே பெயர் வைத்துவிட்டோம் என்றேன். அந்த அம்மாள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். ஊர் அப்படி.

அக்கா எழுந்து நடக்க இரண்டு மாதம். ஆகஸ்டு முதல் வாரம் வந்துவிடுவோம். அப்பா எப்போது வரும் என்று குருவி இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டாள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

குருவி அம்மா

ஜூன் 13

குருவி அம்மாவுக்கு,

நான் நலம் என்றே வைத்துக்கொள். முதுகு வலி முதுகை விட்டுப் போய்விட்டது, தோளில் குடியேறியிருக்கிறது. அக்காவின் கால் சீக்கிரம் கூடட்டும். ஆலை ஆபீஸ் போனில் பேசிக்கொள் என்றார்கள். நம் இரண்டு பேர் பேச்சுக்கும் நடுவில் கிளார்க்கின் காது இருக்கும். எழுதுவதே மேல்.

இங்கே வேலை தலைக்கு மேல். ஆமணக்கு அரைத்து எண்ணெய் எடுத்தது போக மிஞ்சிய பிண்ணாக்கு மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஒரு நாளைக்கு நானூறு மூட்டைக்கு வாய் தைக்கிறேன். கடைசித் தையலை இழுத்து முடிச்சுப் போடும்போது மூட்டை ஒரு பெருமூச்சு விடும். அந்தத் தூசு அப்படியே நம் முகத்துக்கு. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவன் நகர்ந்து உட்காருகிறான். சந்தையில் யாரோ யாரையோ வெளக்கெண்ணெய் என்று திட்டினான். நம் ஆட்கள் பத்து பேர் திரும்பிப் பார்த்தோம்.

மழைக்கு முன்னால் வழக்கமாகக் கொடுப்பதுபோல் வீட்டுக்கு எட்டுப் பழைய சாக்கு கொடுத்தார்கள். நான்கைச் சேர்த்துத் தைத்துக் குருவியின் பாய்க்கு அடியில் மெத்தையாகப் போட்டிருக்கிறேன். இரண்டு வாசலுக்கு. இரண்டு ஓட்டுக்குக் கீழே. இனி ஈரமும் வராது, குளிர் காற்றும் வராது. நம் குருவி ராணி வந்து படுக்க வேண்டியதுதான் பாக்கி.

எதிர்வீட்டுப் பையன் ரயிலும் கடைசி வீட்டுப் பிள்ளை புறாவும் தினமும் வாசலில் வந்து நிற்கிறார்கள். ரயில் இரண்டு வார்த்தை பேசி ஒருமுறை கூவுகிறான். குருவி எங்கே என்று கேட்டு முடிப்பதற்குள் ஒரு ஸ்டேஷன் போய்விடுகிறது.

அங்கே அவள் எப்படிக் கீச்சிடுகிறாள்? அந்தச் சத்தம் இல்லாமல் வீடு காலியாக இருக்கிறது.

குருவி அப்பா

ஜூன் 27

குருவி அப்பாவுக்கு,

எல்லாரும் நலம். உங்கள் தோளுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

ஒரு விஷயம் நடந்தது. எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். குருவி ஜன்னலுக்குக் கீழே வெறும் தரையில் பாய் போட்டுத் தூங்கினாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று, என்னவோ இல்லை என்று தோன்றியது. கையிலிருந்த கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை. ஓடிப்போய்த் தூக்கி உலுக்கினேன். அலறிக்கொண்டு எழுந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

அக்கா கட்டிலில் இருந்தபடியே கேட்டாள், "ஏண்டி, தூங்குற புள்ளைய ஏன் எழுப்பின?"

"சத்தமே வரலக்கா. பயந்துட்டேன்."

அக்கா கையை நீட்டி அவளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள், "சத்தம் வராமத்தான்டி எல்லாப் புள்ளையும் தூங்கும்."

மறுபடி தூங்கியதும் அவள் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தேன். உள்ளே ஒரு காற்று போகிறது, வருகிறது, எங்கும் இடிக்கவில்லை. பெற்று நாலு வருஷம் ஆகிறது. என் பிள்ளையின் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தேனோ, கழுத்து பிடித்துக்கொண்டது.

இந்த ஊர்த் தண்ணீராக இருக்கும், அல்லது வெயில். இரவானால் அப்பா வாசம் வேண்டும் என்று அழுகிறாள். என் சேலையை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிடுகிறாள்.

குருவி அம்மா

ஜூலை 4

குருவி அம்மாவுக்கு,

நான் சுகம். ஒற்றடம் கொடுத்தேன், தோள் கேட்கிறது. அங்கே எல்லாரும் நலந்தானே.

குருவி கீச்சிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூண்டை மாற்றினால் பறவை சத்தம் போடாது. ஏக்கமாக இருக்கும். எனக்கு அதைப் படித்ததும் சோறு இறங்கவில்லை.

அதனால் ஒரு வேலை செய்தேன். நான் மூட்டை தைக்கும்போது போடுகிற நீலச் சட்டையை வெட்டி அவளுக்கு ஒரு தலையணை தைத்திருக்கிறேன். உள்ளே என் பழைய வேட்டி இரண்டு, இன்னொரு வேலைச் சட்டை. கோணி ஊசியால் தைத்ததால் தையல் மூட்டைத் தையல் மாதிரியே இருக்கும், அக்கா சிரித்தால் சிரிக்கட்டும். பொத்தானை எடுக்கவில்லை, திருகிக்கொண்டே தூங்குவாளே. துவைக்கவும் இல்லை. துவைத்தால் என் வாசம் போய்விடும்.

பிண்ணாக்கு லாரி அந்தப் பக்கம்தான் வருகிறது. டிரைவர் கையில் சாக்கில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்ததும் அவள் என்ன செய்தாள் என்று ஒன்று விடாமல் எழுது. நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு மாதம்.

குருவி அப்பா

ஜூலை 31

குருவி அப்பாவுக்கு,

நலம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலையணை வந்து சேர்ந்தது. குருவி கட்டிப் பிடித்துக்கொண்டாள். முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டு, அப்பா வந்தாச்சு என்றாள்.

அக்காவுக்குக் கால் இன்னும் சரியாகவில்லை. இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறோம். கூடவும் ஆகலாம்.

இனிமேல் ஒன்றும் அனுப்ப வேண்டாம். லாரிக்காரருக்குச் சிரமம்.

குருவி அம்மா

ஆகஸ்டு 6

குருவி அம்மாவுக்கு,

இருக்கிறேன். நீங்கள் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் போலிருக்கிறது.

நான்கு வாரம் கழித்து நான்கு வரி. லாரிக்காரருக்குச் சிரமமாம். அந்த ஆள் என்னிடம் வந்து, இன்னும் ஏதாவது இருந்தால் கொடு தம்பி, அந்தப் பாப்பா சிரிப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்கிறான்.

நம் ஆலை லைன் வீடுகளில் எல்லாரும் கேட்கிறார்கள். நேராகக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம், கேட்காமல் பார்ப்பவர்களுக்கு என்ன சொல்வது? மாடி வீடு, இரண்டு ஜன்னல், நல்ல காற்று. பழகிவிட்டது, திரும்ப மனசு வரவில்லை. சாக்கு நாற்றம் பிடிக்கவில்லை என்றால் எழுதிவிடு. எட்டு வருஷமாக அந்த நாற்றத்தோடுதான் உன் பக்கத்தில் படுத்தேன், அப்போது ஒன்றும் சொன்னதில்லை.

சனி ஷிப்ட் முடித்த கையோடு லாரியிலேயே ஏறி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மூட்டையைக் கட்டி வை.

குருவி அப்பா

ஆகஸ்டு 8

தம்பிக்கு,

உங்கள் மனைவியின் அக்கா எழுதுகிறேன். உடம்பு சுகந்தானே. டிப்போ ஆள் மூலம் இதை நாளையே உங்கள் கையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது, பஸ்ஸிலும் நான் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். வந்தால் ஆலைச் சட்டையோடு வராதீர்கள்.

என் கால் போன மாதமே சரியாகிவிட்டது. ஜூலை ஒன்பதாம் தேதி பகல் பதினொரு மணிக்கு உங்கள் தலையணை வந்தது. குழந்தை அதைக் கட்டிக்கொண்டு இந்த அறையைப் பத்துச் சுற்று சுற்றினாள். பிறகு அதில் முகம் வைத்துத் தூங்கினாள். ஒரு மணிக்கு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. ஒன்றரைக்கு அவள் உட்கார்ந்துகொண்டு காற்றைப் பிடிக்கப் பார்த்தாள். உதடு நீலம். விலாவின் ஒவ்வொரு இடுக்கும் உள்ளே போய் வந்தது. நான் ஒற்றைக் காலில் மூன்று மாடி இறங்கி, சாலைக்கு நடுவில் ஊன்றுகோலை நீட்டி, வந்த பஸ்ஸை நிறுத்தி, உட்கார்ந்திருந்த நாற்பது பேரோடு ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். ஒரு ஆள்கூட முணுமுணுக்கவில்லை. மூன்று நாள் முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள்.

குழந்தை டாக்டர் சின்னப் பெண். வீட்டுக்குப் புதிதாக என்ன வந்தது என்று கேட்டாள். தலையணையைக் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைக் காகிதத்தை விரித்து அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். காகிதம் பழுப்பாகிவிட்டது. எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டாள். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஆமணக்குத் தூசு சில நெஞ்சுக்கு நெருப்பு மாதிரியாம். சாக்கில் ஒட்டினால் லேசில் போகாதாம். சட்டையில், தலைமுடியில் வீட்டுக்கு வருமாம்.

உங்களுக்கு எழுதச் சொல்லித் தங்கையிடம் நான் சண்டை போட்டேன். "அவர் கையால தச்சதுக்கா, எப்படிச் சொல்லுவேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் மாடி வீட்டுக்கு மயங்கிவிட்டாள் என்று நீங்கள் எழுதிய கடிதத்தை நானும் படித்தேன். உங்களை இரண்டு வார்த்தை திட்டவேண்டும், நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

ஆகஸ்டு 21

பாப்பா அம்மாவுக்கு,

உன் உடம்பு, பாப்பா உடம்பு, அக்கா கால் எல்லாம் எப்படி என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

குருவி என்று கூப்பிட இனி எனக்கு வாய் வராது.

அக்காவின் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்து நம் லைனில் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை நடந்தேன். எட்டு வருஷமாக நடக்கிற இடம். அன்றுதான் காதைத் திறந்துகொண்டு நடந்தேன். முதல் வீட்டில் ஊதல். மூன்றாவது வீட்டில் இரண்டு பேர், பெரியவன் பம்ப், சின்னவள் வண்டு. ஏழில் ஆர்மோனியம். ஒன்பதில் ரயில். பதினான்கில் கதவு என்று ஒரு பையன், அவன் மூச்சு எண்ணெய் போடாத கீல் மாதிரி இருக்கும் என்று அவன் அப்பன் சிரித்துக்கொண்டே வைத்த பெயர். கடைசி வீட்டில் புறா. இருபது வீட்டில் நம் பிள்ளையோடு பன்னிரண்டு. பன்னிரண்டையும் நாம் கொஞ்சித்தான் கூப்பிட்டிருக்கிறோம். ஒரு நோயை மடியில் போட்டுத் தாலாட்டியிருக்கிறோம், அது நோய் என்றே தெரியாமல். எல்லாப் பிள்ளைக்கும் நெஞ்சில் ஏதோ ஒன்று பாடும் என்றுதானே நினைத்தோம்.

மேனேஜர் குடியிருக்கும் தெருவில் ஒரு பிள்ளைக்கும் இந்த மாதிரிப் பெயர் இல்லை. போய் நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

போன வருஷம் தூசு அளக்க ஒரு மெஷினைக் கொண்டு வந்தார்கள், நினைவிருக்கிறதா? அன்று காலையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து வைத்தார்கள். மெஷின் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனது. அது பார்க்காததை ஆறு மணி நேரத் தூரத்தில், ஒரு சட்டைத் துணியில், இரண்டு மணி நேரத்தில் பாப்பா நெஞ்சு கண்டுபிடித்துவிட்டது. அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இத்தனை சின்ன நெஞ்சுக்குள் இத்தனை நுணுக்கமாக ஒன்றை யாரோ செய்து வைத்து நம்மிடம் கொடுக்க, நான் அதைக் கொண்டுபோய்ச் சாக்கில் படுக்க வைத்தேன்.

நம் வீட்டில் ஒரு சாக்கு இல்லை இப்போது. மற்ற வீடுகளுக்கும் சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ரயிலின் அப்பா சிரிக்கவில்லை. இரண்டு பேரும் போய் மேனேஜரிடம், ஷிப்ட் முடிந்ததும் குளிக்க ஒரு குழாய், துணி மாற்ற ஒரு அறை வேண்டும் என்றோம்.

"வீட்ல போய்க் குளிங்கய்யா. நான் என்ன மாமியார் வீடா நடத்துறேன்?" என்றார்.

எந்திரத்தைக் குளிர வைக்க அங்கே நாளெல்லாம் தண்ணீர் ஓடுகிறது.

பாப்பா அப்பா

ஆகஸ்டு 30

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். நானும். உங்களுக்கு இருமல் இருக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தவள் நான், எனக்கு இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலையணை வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். பெயர் தெரியாது, ஆனால் தெரியும். ஜூன் மாதம் ஒவ்வொரு நாளும் அவள் சத்தம் குறையக் குறைய, உங்களுக்கு எழுத எடுத்த காகிதத்தை மடித்து மடித்து வைத்தேன். நீங்கள் இல்லாத இடத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று எந்தப் பெண் புருஷனுக்கு எழுதுவாள்? தண்ணீர் என்றேன், வெயில் என்றேன். பிறகு நீங்களே தைத்து அனுப்பினீர்கள். பொத்தானைத் திருகிக்கொண்டே அவள் நீலமானாள். அதை நான் எந்த வார்த்தையில் எழுதியிருக்க முடியும்?

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அந்த டாக்டர் தன் குழாயை என் காதில் மாட்டிவிட்டாள். முதலில் காற்று ஊசித் துளை வழியாகப் போகிற சத்தம். மருந்துப் புகை கொடுத்த பிறகு மறுபடி கேட்கச் சொன்னாள். ஒவ்வொரு இடமாக, கீழிருந்து மேலே, திறக்கிறது. ஒரு பெரிய வீட்டில் யாரோ அறை அறையாகக் கதவைத் திறந்துகொண்டே வருவதுபோல. அவள் நெஞ்சுக்குள் இருக்கும் அத்தனை சின்னப் பைகளையும் பிரித்துத் தரையில் விரித்தால் இந்த அறை முழுக்க வரும் என்றாள் டாக்டர். நான் தரையைப் பார்த்தேன். நாலு கட்டில், ஒரு மேசை, நடக்க இடம். அதன் பிறகு அந்தத் தரையில் கால் வைக்கவே எனக்குத் தயக்கமாக இருந்தது. இத்தனையையும் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டா இவள் தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறாள்?

என்னை ஒரு திட்டுத் திட்டி எழுதுங்கள், எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பாப்பா அம்மா

செப்டம்பர் 15

பாப்பா அம்மாவுக்கு,

எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். இருமல் காலையில் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. உன்னைத் திட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு எழுதியிருந்தாலும் அன்று நான் நம்பியிருக்க மாட்டேன்.

போன திங்கட்கிழமை மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. வழக்கமாக அந்தச் சத்தம் முடிவதற்குள் நாங்கள் கேட்டைத் தாண்டியிருப்போம். அன்று ஒருவரும் கேட் பக்கம் போகவில்லை. முதல் நாள் ரயிலின் அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தாள், என்ன பேசினாள் என்று எந்த ஆம்பிளையும் சொல்ல மாட்டேன் என்கிறான். நாற்பத்தாறு பேரும் கொதிகலன் கொட்டகைக்குப் பின்னால் போனோம். எந்திரத்துக்குத் தண்ணீர் போகிற குழாயின் வால்வை மேஸ்திரி தன் கையாலேயே திறந்தார். முப்பது வருஷம் வேலை செய்த மனிதர், யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அதை எப்படிச் சொல்வது. நாற்பத்தாறு பேர் இடுப்பில் துண்டோடு நிற்கிறோம். தண்ணீர் பட்டதும் ஒவ்வொருவன் மேலிருந்தும் பழுப்பாக இறங்குகிறது. நெற்றியிலிருந்து, காதுக்குள்ளிருந்து, புருவத்திலிருந்து. வாய்க்கால் குழம்பு மாதிரி ஓடியது. வெகுநேரம் தெளியவே இல்லை. இதையா தினமும் சுமந்துகொண்டு போய்ப் பிள்ளைகளைத் தூக்கினோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குப் பக்கத்தில் நின்றவன் யாரென்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்த பிறகு பார்த்தால் ஆறு வருஷமாக எனக்கு மூட்டை பிடிப்பவன். அவனுக்குக் கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது.

மேனேஜர் ஓடி வந்தார். "என்னய்யா இது, ஆத்தங்கரையா?"

மேஸ்திரி சோப்பு நுரையோடு திரும்பிச் சொன்னார், "நீங்களும் வாங்க சார். முதுகு தேய்ச்சு விடுறேன்."

கேட்டுக்கு வெளியே பெண்கள் மாற்றுத் துணியோடு நின்றார்கள். சுத்தத் துணி மாற்றிக்கொண்டு, வேலைத் துணியை வாசலிலேயே மூட்டை கட்டிப் போட்டுவிட்டு வந்தோம். ஒரு வாரமாக இது நடக்கிறது.

உன் ஞாபகமாகவே இருக்கிறது.

பாப்பா அப்பா

செப்டம்பர் 26

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா சுகம், அக்கா வேலைக்குப் போகிறாள். உங்கள் காலை இருமலுக்கு டாக்டரிடம் போங்கள்.

ரயிலின் அம்மா எனக்கு எழுதியிருந்தாள். நீங்கள் எழுதாததை எழுதியிருந்தாள்.

மேனேஜர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டாராம். கேட் வாட்ச்மேன் வேலை, தூசு படாத வேலை. ஆலைக்கு அந்தப் பக்கம் தனி வீடு. நாளையிலிருந்தே மனைவி பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம், வால்வை மட்டும் மூடச் சொல்லிவிடு என்றாராம். நீங்கள் முடியாது என்றுவிட்டு வந்து மறுபடி மூட்டை தைக்க உட்கார்ந்தீர்களாம். லைனில் உங்களைத் தலையில் வைத்து ஆடுகிறார்களாம்.

என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இங்கே அவள் தினமும் படியில் உட்கார்ந்து, ஏறி வருகிற ஒவ்வொரு ஆளையும் அப்பாவா என்று பார்க்கிறாள். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அக்காவிடம் கத்தினேன். "உன் புருஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று அக்காவும் கத்தினாள். பிறகு, "ஆனா நல்லாக் கெட்டுப்போயிருக்கு" என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். அந்தத் தனி வீட்டிலிருந்து நான் தண்ணீர் பிடிக்க லைன் வழியாகத்தானே போகவேண்டும். சத்தமில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினொரு பிள்ளைகளின் சத்தத்தைத் தாண்டிப் போகவேண்டும். என்னால் முடியாது. நீங்கள் சொன்னதையேதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். இதை மறக்க மாட்டேன். அடுத்த ஞாயிறு எப்படியாவது ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள். எப்படி வரவேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

பாப்பா அம்மா

அக்டோபர் 7

பாப்பா அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மூன்று பேரும் நலமாக இருங்கள்.

கேட்காமல் முடிவு செய்தது தப்பு. படியில் வைத்துச் சொல்ல நினைத்தேன், அக்கா திட்டிய திட்டில் இடம் கிடைக்கவில்லை.

இங்கே நிலைமை இதுதான். அறை கட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நான்கு கம்பு நட்டிருக்கிறார்கள். கூரை வரும்போது நம்புவேன். குழாயை மூடவில்லை, மூடினால் எந்திரமும் நிற்கும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பதினாறு வீட்டில் சாக்கை எடுத்துவிட்டார்கள். நான்கு வீடு பாக்கி, மழைக்கு வேறு என்ன போடுவது என்று கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. அதற்கும் ஆலைதான் பதில் சொல்லவேண்டும். நீங்கள் இப்போது வர வேண்டாம். அந்த நான்கு வீடும் முடியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்தது மூன்று முறை. தலையை மொட்டை அடித்து, ஆலைப் பக்கமே வராத முடிவெட்டுபவரின் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். பாப்பா என்னை அடையாளம் தெரியாமல் விழித்தது உனக்குத் தெரியும். பிறகு மோப்பம் பிடித்துவிட்டு என் மடியில் ஏறியதும் தெரியும். நீயும் அக்காவும் மேல்படியில் நின்று அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நானும் அதைத்தான் பார்த்தேன். அவள் பேச ஆரம்பித்தாள். நீங்கள் உள்ளே போன பிறகும் பேசினாள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

லைனில் இருந்தவரைக்கும் அவள் மூன்று வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்று வார்த்தை, ஒரு இழுப்பு, மூன்று வார்த்தை. அவள் அதிகம் பேசாத பிள்ளை என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவள் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்:

"அப்பா ஒரு காக்கா இருக்கு அது பெரியம்மா சோப்பைத் தூக்கிட்டுப் போச்சு பெரியம்மா கம்பைத் தூக்கி எறிஞ்சாங்க கம்பு போய்க் கீழ்வீட்டு அத்தையோட குடத்துல விழுந்துச்சு அத்தை திட்டினாங்க பெரியம்மா காக்காவைத் திட்டினாங்க காக்கா யாரையும் திட்டல அது பாட்டுக்கு மேல போயிடுச்சு நான் பின்னாடியே ஓடினேன் எல்லாப் படியும் ஓடினேன் மேல போனா கதவு இருக்கு கதவுக்கு அந்தாண்ட மொட்டை மாடி அங்க எல்லா வீடும் தெரியுது நம்ம வீடு மட்டும் தெரியல நான் கம்பியைப் புடிச்சுக்கிட்டு அப்பான்னு கூப்பிட்டேன் ரொம்ப நேரம் கூப்பிட்டேன் உனக்குக் கேட்டுச்சா?"

இதை எழுதுவதற்குள் நான் நாலு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

பாப்பா அப்பா